லயத்துக் கூரைக்கு வேற பேரு

— மாத்த மாட்டேன், சேர்.

— ஜெயந்தினி, நான் இன்னும் வாயே தொறக்கலயே.

— தொறக்கத்தானே கதவைச் சாத்துனீங்க. கொழும்புக் கம்பெனி மெயிலை நானும் பாத்தேன். பேரெல்லாம் மாத்தணுமாம்.

— அந்த மெயிலை ஒனக்குக் காட்டுன றில்வானை அப்புறம் கவனிச்சுக்கிறேன். விசயத்துக்கு வருவோம். ஒன்னோட டூலு அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ரெண்டு கலரைத் தொட்டாப் போதும், நடுவுல உள்ளதை அதுவே கலந்து கிரேடியன்ட் ஆக்கிருது. கீழ வர்ற கோடிங் வரியை அப்படியே வெட்டி வெப்சைட்டுல ஒட்டிரலாம். எனக்கே வெளங்குது, அப்பப் பாத்துக்க.

— அப்பறம் எதுக்கு மாத்தணும்?

— ரெடியா பன்னெண்டு கிரேடியன்ட் செஞ்சு வச்சிருக்கியே, அதுங்க பேருதான் பெரச்சின. 'பெரட்டு'. டவுன்ல பொறந்து வளந்த எனக்கே நாக்கு சுளுக்குது. கொழும்புக்காரன் என்ன பண்ணுவான்?

— தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்கு ஏற முந்தி, பேர் குடுக்க எல்லாரும் வந்து நிக்கிற எடம் சேர். பனி சாம்பலா இருக்கும். வெயில் மெல்ல ஏறும். சாம்பல்லருந்து ஆரஞ்சு.

— அதை 'மோர்னிங் மிஸ்ட்'ன்னு வச்சா வெளங்காதா?

— வெளங்கும். அதுல ஆளு இருக்காது.

— பட்டனுக்குப் பின்னால போடுற கலருக்கு ஆளு எதுக்கு? சரி, சமாதானமாப் போவோம். 'மாரியம்மன் மஞ்சள்' இருக்கட்டும். சாமி விசயம், அவனும் கை வைக்கப் பயப்படுவான். 'கொழுந்து' இருக்கட்டும். 'கங்காணி கோட்டு', இது என்னது? கறுப்புலருந்து கறுப்பா?

— கறுப்புலருந்து வெளுத்த கறுப்பு. ஒரே கோட்டை முப்பது வருசம் போட்டா அப்படித்தான் ஆகும்.

— இதை எவன் எடுப்பான்?

— இதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்கல. அது நெசந்தான் சேர்.

— அடுத்தது 'லயத்துக் கூரை'. இதுக்குத்தான் அவன் செவப்புக் கோடு போட்டு அனுப்பியிருக்கான். 'கொப்பர் சன்செட்'ன்னு ஆக்கணுமாம்.

— சன்செட்டும் இல்ல, செம்பும் இல்ல. தோட்டத்து ஆளுக வரிசையாக் குடியிருக்கிற லயத்து மேல துருப்புடிச்ச தகரம்.

— துருன்னு சொல்லி எவனாவது யாவாரம் பண்ணுவானா? எங்க தாத்தா பதுளை பஜார்ல புடவைக் கடை வச்சிருந்தாரு. சாயம் போன சேலையை 'இளநீர் கலரு'ன்னு சொல்லி ஒரு டீச்சருக்கே வித்தவரு. யாவாரம்னா அது.

— அந்தக் கடை எந்தத் தெருவுலன்னு போன மாசம் கேட்டேன். நீங்க சொல்லல.

— இப்ப இல்ல அது. இடிச்சுட்டாங்க.

— கையில என்ன சேர் வச்சிருக்கீங்க?

— சீனி.

— பஜார்காரங்க தேத்தண்ணிக்குள்ள சீனியைப் போட்டுக் கலக்குவாங்க. நீங்க எங்க தோட்டத்து ஆளுக மாதிரி உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிக்கிறீங்க.

— சீனியைக் கொறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னாரு. பேச்சை மாத்தாத. பேரு வேணாம், நம்பர் போட்ருவோம். ஒன்னு, ரெண்டு, மூணு. யாருக்கும் வருத்தமில்ல.

— எங்கம்மாவைத் தோட்டத்துல முப்பது வருசமா நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பாக்கியலெட்சுமின்னு நல்ல பேரு இருந்துச்சு. ஒருத்தர் வாயிலயும் வரல. நூத்திப் பதினாலு. வீட்டுல நாங்களே கேலிக்கு அப்படிக் கூப்பிட்டிருக்கோம், வெக்கமில்லாம. நான் செஞ்ச டூல்ல ஒரு கலருக்கும் நம்பர் கெடையாது.

— நீ என்ன இன்னும் லயத்துலயா இருக்க? ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல ஒங்களுக்குத் தனி வீடு, புதுக் கூரை. எல்லாம் எனக்குத் தெரியும்.

— எனக்கு மூணு வயசுல போயிட்டோம். லயத்துல இருந்தது ஞாபகமே இல்ல. ஞாபகம் இல்லன்னா இருக்கவே இல்லன்னு ஆயிருமா?

— மூணு மணிக்கு அவன் ஸ்கிரீன்ல வந்து ஒக்காந்துருவான். இதுவரைக்கும் நாம செஞ்சதெல்லாம் கல்யாண மண்டபமும் கோழிக் கடையும். நம்ம ஆபீசுக்கு வந்த மொதப் பெரிய வேலை இது. நீ மாத்தாட்டி, றில்வான் செஞ்சிருக்கிற டூலை அனுப்புவேன்.

— அனுப்புங்க. நல்ல பையன்தான். அவன் டூல்ல பச்சையையும் செவப்பையும் கலந்தா நடுவுல சேறு வரும். பாத்துக்குங்க.

— பையைத் தூக்கிக்கிட்டு எங்க போற?

— ரெண்டரைக்கு பஸ்ஸு. மத்த சாமானை நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், புவனேந்திரன் சேர்.

— ஒக்காரு.

— சொல்லிட்டேன், மாத்த மாட்டேன்.

— ஒக்காருங்கிறேன்ல. அந்த 'லயத்துக் கூரை'யைத் தொற. காலையிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அது தப்பு.

— பேரா?

— கலரு. எங்கருந்து எடுத்த இதை?

— ரோட்டுலருந்து போன்ல ஒரு படம் எடுத்தேன். அதுலருந்து கலரைத் தொட்டு எடுத்தேன். ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் துரு.

— ரோட்டுல நிக்கிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். கீழ படுத்துக் கெடக்கிறவன் என்னத்தைப் பாப்பான்? கடைசியில இன்னொரு கலரைச் சேரு. கறுப்பு. இவ்வளவு கறுப்பு இல்ல, கொஞ்சம் பழுப்பு விடு. எண்ணெ தடவுன மாதிரி இருக்கணும். அது, அதுதான். இன்னும் கொஞ்சம் உள்ள இழு.

— இது என்ன கலரு சேர்?

— அடுப்புப் பொகை. தகரத்து உள்பக்கம் பூராப் படிஞ்சு கெடக்கும். லயத்துக் கடைசித் தொங்கல்ல இருக்கிற காம்பராவுல இன்னும் மோசம், அந்த ரூம்புல சன்னலும் இல்ல.

— அப்ப பேரு?

— பேரைத் தொடாத. மூணு மணிக்கு நானே அவனுக்கு வாசிச்சுக் காட்டுறேன். பன்னெண்டையும். கங்காணி கோட்டு உட்பட.

— டவுன்ல பொறந்த ஒங்களுக்கு இந்தப் பொகைக் கதையெல்லாம் யாரு சேர் சொன்னா?

— யாரும் சொல்லலம்மா. மழை பேஞ்சா அந்தக் கறுப்புக் கரைஞ்சு, என் இஸ்கூல் சட்டையிலதான் சொட்டும்.