மலைப்பூண்டின் மூல மாதிரி

ஒரு பூண்டு முழுதாக உலர நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கருகிவிடும். அந்த இரண்டு நாளும் எங்கள் ஆய்வகத்தில் ஜன்னலை யாரும் மூட மாட்டார்கள். தலைமுடி, கைப்பை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் வாசனை ஏறிவிடும். பக்கத்து மேசை அக்கா சொல்வார்: "நம்மளப் பொண்ணு பாக்க வர்றவனுக்கு நல்லா சளி பிடிச்சிருக்கணும்டி. அப்பதான் கல்யாணம் நடக்கும்."

நீங்கள் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செடி தான் நிற்கிற இடத்துத் தண்ணீரைக் குடிக்கிறது. மலைமேல் பெய்கிற மழையும் கீழே பெய்கிற மழையும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் எடையில் மிக மிகச் சிறிய வித்தியாசம் உண்டு. மண்ணிலும் அப்படித்தான். அடியில் இருக்கும் பாறையைப் பொறுத்துச் சில உலோகங்களின் விகிதம் மாறும், அது வேர் வழியாக மேலே வரும். உலர்த்திப் பொடித்த பூண்டை வைத்தால் இயந்திரம் இவற்றை எண்களாகத் தருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணுக்கு ஊர்ப்பெயர் தெரியாது. அந்த மலையில்தான் விளைந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பூண்டு முதலில் நம்மிடம் இருக்க வேண்டும். அதை மூல மாதிரி என்போம். புதிதாக வருவது அதோடு பொருந்தினால் மலைப்பூண்டு. பொருந்தாவிட்டால் போலி.

மலைப்பூண்டுக்குச் சந்தையில் மூன்று மடங்கு விலை. அதனால் கீழே விளைந்ததை மூட்டையில் கட்டி அந்தப் பெயரை எழுதி விற்பவர்கள் அதிகம். அதைத் தடுக்கத்தான் மலைக்காரர்களுக்கு அரசாங்கம் ஒரு முத்திரை கொடுத்தது. முத்திரைக்கு யார் தகுதி என்று சொல்வது எங்கள் ஆய்வகம்.

மூல மாதிரி சேகரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நாற்பது தோட்டங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, யாரென்று சொல்லி, அனுமதி கேட்டு, நம் கையாலேயே பிடுங்கிப் பையில் போட வேண்டும். பத்து நாள் கொடுத்தார்கள். நாற்பது பைகளோடு திரும்பினேன். எண்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டதுபோல நெருக்கமாக வந்தன. துறைத்தலைவர் அந்த எண்களின் வரைபடத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொன்னார்.

"ஒரே மலைன்னா இப்படித்தான்யா இருக்கும். சத்தமே இல்லாம சாதிச்சிடுச்சு பாரு இந்தப் பொண்ணு."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் சுபாவம் அப்படி. பேருந்தில் "இங்க நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். "வாய்ல பூட்டா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு எனக்காக அவரே கடைக்காரரிடம் பேசுவார்.

இறந்தவர் என்று நீங்கள் குறிப்பிடுகிறவரை அவர் ஊரில் தொப்பிக்காரர் என்பார்களாம். முதலில் சோதனைக்கு வந்த லோடு அவருடையது. பொருந்தவில்லை. போலி என்று எழுதினேன், துறைத்தலைவர் கையெழுத்திட்டார், தொப்பிக்காரருக்கு இருந்த முத்திரை போயிற்று. அதோடு அந்த ஊர்ப் பூண்டு முழுவதையும் சோதனை முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். பூண்டு ரொம்ப நாள் காத்திருக்காது, முளைவிட்டுவிடும். ஊர் முழுக்க அவரால்தான் இந்தக் கதி என்று பேசியது.

அவர் ஒருநாள் காலையில் ஆய்வகத்துக்கு வந்தார். வெயிலிலும் கம்பளித் தொப்பி. கையில் ஈரச் சாக்கில் சுற்றிய பொட்டலம்.

"அம்மாடி, நீதானா அந்தப் பொண்ணு?"

"ஆமா சார்."

"சாரெல்லாம் வேண்டாம்மா. பள்ளிக்கூடத்தையே வெளிய நின்னு பாத்தவன் நான்." பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "நேத்துப் புடுங்கினது. வேரோட இருக்கு, மண்ணும் இருக்கு. நீயே இன்னொரு தடவை பாரு. யாரோ எங்கேயோ தப்புப் பண்ணியிருக்காங்க. உன்னைச் சொல்லலை."

நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் வீட்டுக்காரிக்கு ஒரே வருத்தம். நீ எங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கே, ஒரு வாய் டீ குடுக்காம விட்டுட்டோமேன்னு. யார் வீட்டுல சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன்," என்றேன்.

"அதானே. எங்க ஆளுங்க வாயாடிங்க, ஆனா யாரையும் பசியோட அனுப்ப மாட்டாங்க." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "இப்ப ஒருத்தனும் பேச மாட்டேங்கறான். என் மச்சான்கூட எதிர்ல பாத்தா வேற பக்கம் திரும்பிப் போறான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

அவர் போன பிறகு எல்லாவற்றையும் நானே செய்தேன். நானே உலர்த்தினேன், நானே பொடித்தேன், மூன்று முறை வைத்துப் பார்த்தேன். லோடில் வந்த அதே எண்கள். மண்ணையும் பார்த்தேன். மண்ணும் பூண்டும் அச்சாகப் பொருந்தின. அந்தப் பூண்டு அந்த மண்ணில் விளைந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. எது தவறு என்றும் தெரிந்தது.

துறைத்தலைவர் என்ன வந்தது என்று கேட்டார்.

"பழைய எண்தான் சார்."

"மண்ணு?"

"மண்ணும் பூண்டும் ஒத்துப்போகுது சார். மூல மாதிரியோட பொருந்தலை."

இரண்டும் உண்மை. அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அடேயப்பா! பூண்டு எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேர்ந்தே மண்ணையும் அள்ளிட்டு வந்திருக்கான். கெட்டிக்காரன்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாக்கியத்தை மனதுக்குள் அமைத்தும் விட்டேன். அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசி முடித்தபோது அவர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். பெரியவர்களின் பேச்சை இழுத்துத் திருப்பி எனக்குப் பழக்கமில்லை.

மண்ணையே மாற்றிக் கொண்டுவந்து ஆய்வகத்தை ஏமாற்றப் பார்த்தவர் என்று இரண்டாவது அறிக்கை போயிற்று. அதை விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்களாம். அந்த வாரமே அவருடைய கிடங்குக்குத் தீ வைத்தார்கள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, உள்ளே இருந்த அவரால் வர முடியவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று நினைத்ததாக பிடிபட்ட நான்கு பேரும் சொல்கிறார்கள், அவருடைய மச்சானும் சேர்த்து. நான் அவர்களை நம்புகிறேன். பூண்டுக்குக் காவலாக அவர் அங்கேயே படுத்துக்கொள்வது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவரோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார்களே.

செய்தி வந்தபோது உலர்த்தும் பெட்டியில் ஆறு தட்டுகள் இருந்தன. நேரம் முடிந்ததும் எடுத்தேன். அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். அந்த ஆறும் அவருடைய பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவை. ஒன்றும் பொருந்தவில்லை. ஆறையும் போலி என்றே எழுதினேன். எண் சொன்னதைத்தான் எழுதினேன்.

நேற்றும் இன்றும் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி: இயந்திரம் தவறியிருக்குமா? தவறவில்லை. அதன்மேல் பழி போடாதீர்கள். அதைத் தினமும் சரிபார்ப்பவள் நான். ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. அதை மட்டும் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கப் போனபோது அடிவாரத்து ஊரில் ஒரு விடுதியில் தங்கினேன். மலைக்குக் காலையில் ஒரே பேருந்து. நிறுத்தத்தில் நின்றேன். ஏறியவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், முறை சொல்லிக் கூப்பிட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மா போகணும்?" என்றார் நடத்துநர். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப்பெயர் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மறுநாளும் போய் நின்றேன். அவர் அன்று கேட்கவும் இல்லை.

நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மொத்தக் கடை. வாசலில் காய்ந்த தண்டோடு கட்டிய பூண்டு. மலைப்பூண்டு என்று அட்டையில் எழுதியிருந்தது. விரலை நீட்டினால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார், பேச வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். தோட்டங்களின் இடத்தை வரைபடத்தைப் பார்த்துப் பைகளின் மேல் எழுதினேன். அந்த அட்டையை நான் நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் எண்கள் அந்தக் கடையினுடையவை. எண்களாக அவை சரியானவை.

சுற்றிவளைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்கிறீர்கள். சத்தமாகச் சொன்னால்தான் பதிவாகும் என்கிறீர்கள். சரி.

நான் அந்த மலைக்குப் போனதே இல்லை.