மணிக்கூண்டில் ஜெத்ரோ சொன்ன சொல்

ஜெத்துக்கண்ணு! நீ இருந்தவரை நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. பேச்செல்லாம் உன்னுடையது, சிரிப்பு மட்டும் என்னுடையது. இன்று நான் மேடையில் நிற்கிறேன், நீ மண்ணில் கிடக்கிறாய்.

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் கோயில் பொறுப்பாளர் ஹனஃபோர்ட் அவர்களே! அவருக்கு அருகில் தலை குனிந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன மணிக்கூண்டுத் தோழர்களே! ஆப்பிள் தோட்டத்துச் சேற்றோடு வந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! துணி வெளுத்துப் பிழைக்கும் கெசையா லஸ்கோம் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

மணி அடிக்கிறவன் செத்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? அடுத்த ஞாயிறு மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோலைக் கட்டி அடிப்போம். ஓர் அடி ஊரெல்லாம் ஒலிக்கும். மறு அடி, புதைகுழிக்குள்ளிருந்து பதில் வருவது போல மெல்லக் கேட்கும். குடித்துக் குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவனுக்கும் கட்டினோம். மனைவியை அடித்தவனுக்கும் கட்டினோம். என் ஜெத்ரோவுக்கு மட்டும் தோல் இல்லையாம். எதற்காக? ஒரு சொல்லுக்காக!

அந்தச் சொல்லைத்தான் இன்று பேச வந்தேன்.

மணிக்கூண்டுச் சுவரில் எழுதியிருக்கிறது: உள்ளே சாபச் சொல் சொன்னவன் எல்லோருக்கும் ஒரு ஜாடி ஆப்பிள் மது வாங்கித் தர வேண்டும். நம் தாத்தன்மார் வைத்த சட்டம் அது. என் வீட்டுக்காரர் படியேறும்போதே கயிறு இழுக்கும் நம் சைலஸ் கூப்பிடுவார்.

"ஏ ஜெத்ரோ, சீக்கிரம் வாயத் தொறப்பா! எங்களுக்குத் தொண்ட காயுது!"

"பிளைமி! நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேடா!"

"இந்தா, சொல்லிட்டியே! கொண்டா ஜாடிய!"

சிரியுங்கள், தோழர்களே, சிரியுங்கள். அவர் வாங்கித் தந்ததைக் குடித்தவர்கள்தானே நீங்கள்!

போன புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சிரிப்பு முடிந்தது. நம் ரொட்டிக்கடை வில்ஃப்ரெட் மணி அடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். மேலே மணியைத் தடுத்து நிறுத்தும் கட்டை முறிந்தது. மணி குப்புற உருண்டது. கயிறு மேலே பாய்ந்தது. அந்த நேரத்தில் கையை விட வேண்டும். பயந்த மனிதனுக்கு விடத் தோன்றுமா? இறுக்கிப் பிடித்தார். கால் தரையை விட்டுப் போய்விட்டது.

என் ஜெத்ரோ எதிர்ப்பக்கம் நின்று கத்தினார். "விட்றா கயித்த, மாவுக் கழுதை! விட்டுத் தொலைடா! காட் பிளைமி!"

வில்ஃப்ரெட் விட்டார், விழுந்தார், பிழைத்தார். கத்திய வாய் மூடவில்லை, என் ஜெத்ரோ சுவரில் சாய்ந்தார். நெஞ்சு நின்றுவிட்டது.

யார் அது எழுந்திருப்பது? வில்ஃப்ரெட்டா? சொல்லப்பா, சத்தமாகச் சொல்.

"அவரு கத்தலேன்னா எம்மண்ட மேப்பலகையில செதறியிருக்கும், கெசையாக்கா! சத்தியமாச் சொல்றேன்!"

கேட்டீர்களா, பெரியோர்களே? உட்கார், தம்பி. கால் வலிக்கும்.

மறுநாள் போதகர் ஐயா என் வீட்டுக்கு வந்தார். கடிந்து பேசவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார்: "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்கய்யா. இடிச்சுக்கிட்டா சொல்லுவாரு. மழை வந்தா சொல்லுவாரு. கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்துகூட அதத்தான் சொன்னாரு."

"'கடவுளே, என் கண்ணக் குருடாக்கு'ன்னு அர்த்தம்மா. தன்மேலயே போட்டுக்கிற சாபம். கடைசியா அதச் சொல்லிட்டு, மனம் வருந்தக்கூட நேரமில்லாமப் போயிட்டாரே. அவருக்கு நான் எப்படிம்மா மணி அடிக்கச் சொல்லுவேன்?"

நான் அழவில்லை. மற்றச் சொற்களையும் கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். பால் பொங்கி வழிந்தால் என்ன சொல்கிறீர்கள், தாய்மார்களே? 'டிராட்' என்கிறீர்கள். கடவுள் இதை அழுகச் செய்யட்டும் என்று அர்த்தமாம்! ஏன் முந்தானைக்குள் முகத்தை மறைக்கிறீர்கள்? நானும்தான் சொன்னேன். பழைய காலத்துக் கிழவர்கள் 'ஸவுண்ட்ஸ்' என்பார்களே, அது ஆண்டவரின் காயங்களாம். சிலுவையில் பட்ட காயத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறார்கள். ஆண்டவர் பெயரை முழுதாகச் சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வாலை மட்டும் வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். 'என் கண்ணை எடுத்துக்கொள்' என்று ஒருவன் எப்போது சொல்வான்? 'நான் சொல்வது பொய்யானால்' என்று முன்னால் சேர்த்துத்தானே சொல்வான்? சாபமாவதற்கு முன்னால் அது சத்தியமாக இருந்திருக்கிறது! பயந்தவன் செய்த சத்தியம், பதறியவன் செய்த சத்தியம், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதவன் செய்த சத்தியம்! தேய்ந்து தேய்ந்து திட்டாகிவிட்டது. ஆனாலும் அதற்குள் ஆண்டவர் பெயர் இருக்கிறதே, ஐயா! கைக்கு எட்டாத தூரத்தில் ஒருவன் சாகப் போகிறான். என் ஜெத்ரோ வாயில் அந்தப் பெயர்தானே வந்தது?

அவரை நல்லவர் என்று பாராட்டச் சொல்லவில்லை. கல் வைக்கச் சொல்லவில்லை. ஒரு துண்டுத் தோல், ஓர் அரை மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறேன். ஞாயிறு காலை அந்த மணி வெறும் நாக்கோடு அடித்தால், இந்த ஊரில் அவர் இருந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை என்று என் காதில் அடிக்கும். அதை எப்படித் தாங்குவேன், தாய்மார்களே?

கட்டலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.

சைலஸ் தூக்கிவிட்டார். வில்ஃப்ரெட் இரண்டு கையையும் தூக்குகிறார். தலைவர் அவர்களே, நீங்களுமா? நன்றி ஐயா. போதகர் ஐயாவின் கை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஞாயிறு காலை மணி சொல்லிவிடும்.

படிக்காதவள் பேச்சைப் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. ஈரத்தில் நடந்து வந்த கால்களுக்கு நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.

எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை, ஜெத்துக்கண்ணு. இவர்களிடம் அடித்துப் பேசிவிட்டேன். ஆனால் உன் வாயைப் பார்த்தவள் நான் இல்லையே, அப்போது நான் அங்கே இல்லையே. நீ திட்டினாயா, கூப்பிட்டாயா?