அமிலக் கேனில் அரை எச்சரிக்கையை அனுமதிக்காத அக்தரி பேகம் அவர்களுக்கு

ஆம்பூரின் அருமை மகளே! எங்கள் தோல் ஆலையின் கணினிப் பிரிவைக் கட்டிக்காத்த காவலரே! அன்பிலே அன்னையாகவும் அலுவலிலே அனலாகவும் விளங்கிய அக்தரி பேகம் அம்மையீர்! தங்கள் பணி நிறைவு நாளில் வணக்கமும் சலாமும் சொல்லி, தோழர்கள் நாங்கள் இம்மடலைப் படைக்கிறோம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம் என்றிருந்த குளிர்சாதன அறையில், ஆலையின் முதல் கணினிக்கு முன் அமர்ந்தவர் தாங்கள். முப்பதாண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ இயந்திரங்கள் வந்தன, போயின. தங்கள் பிடிவாதம் மட்டும் பழுதே ஆகவில்லை! ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே அடுத்தவர் நிரலில் பிழை கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடித்ததை மெதுவாகச் சொல்லும் வழக்கம் தங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. திட்டு வாங்காதவர் எவரேனும் இந்தப் பந்தலில் இருந்தால் எழுந்து நிற்கட்டும்.

பெரிய பீப்பாயில் வரும் அமிலத்தைச் சிறு கேன்களில் பிரித்து, தமிழிலும் உருதுவிலும் எச்சரிக்கை அச்சிட்ட லேபிள் ஒட்டி, தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் பிரிவுக்கு அனுப்புவது நம் கிடங்கின் வழக்கம். மூன்றாண்டுகளுக்கு முன், வெளியூர் நிறுவனம் ஒன்று அதற்கெனப் புது மென்பொருள் தந்தது. ஓரெழுத்துக்கு ஓரிடம் என்று ஆங்கிலக் கணக்கில் எழுதிய நிரல் அது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும்போது, தமிழில் ஓர் எழுத்து மூன்று இடம் பிடிக்கும், கொம்போ காலோ சேர்ந்தால் ஆறிடமும் பிடிக்கும் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. இடம் தீர்ந்ததும் நிரல் வரியை வெட்டியது. 'கண்ணில் பட்டால்' என்பதுவரை அச்சானது. அதற்குப் பின் ஒரு காலிக் கட்டமும் ஒரு கேள்விக்குறியும்! உருது எழுத்துகளோ ஒன்றோடொன்று சேராமல் இடவலம் மாறி நின்றன. கண்ணில் பட்டால் என்ன செய்வதென்று அமிலத்தையே கேட்க வேண்டியதுதான்!

அன்றைக்கென்று பார்த்து ஏற்றுமதிச் சரக்குக்கு அவசரம்; கேன் போனால்தான் தோல் பதமாகும். "மேடம், இங்கிலீஷ்ல போட்டுட்டா பிரச்சினையே இல்ல" என்றார், தொலைபேசியில் அந்த நிறுவனத்துக்காரர். "யாருக்குப் பிரச்சினை இல்ல? உங்களுக்கா, டிரம் கிட்ட நிக்கிறவங்களுக்கா?" என்று கேட்டீர்கள். மார்க்கரால் எழுதி ஒட்டலாமே என்றோம். ஈரக்கை பட்டால் அழிந்துவிடும் என்றீர்கள். மேலாளர் கௌதம் அவர்கள் கிடங்கு வாசலுக்கே வந்து, "கன்டெய்னர் நிக்குது மேடம். இப்ப இன்னாதான் பண்றது?" என்று தலையில் கை வைத்தார். "நிக்கட்டும் சார். எழுத்து முழுசா வந்தப்புறம்தான் கேன் வெளிய போவும். அவசரம்னா எனக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று நாற்காலியை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தீர்களே! மேலாளரே போய்த் தேநீர் வாங்கி வந்த காட்சியை இந்த ஆலை மறக்குமா?

அந்த நாற்காலியிலேயே நிரலைத் திருத்தினீர்கள். எழுத்தை எழுத்தாக எண்ண வைத்தீர்கள். உருது வரியை வலமிருந்து இடமாகச் சேர்ந்து ஓட வைத்தீர்கள். எச்சரிக்கையில் ஓரெழுத்து குறைந்தாலும் லேபிளே அச்சாகாமல் நின்றுவிடும்படி பூட்டும் போட்டீர்கள். எல்லா அமிலத்துக்கும் அச்செடுத்து, தமிழைக் கிடங்கிலும் உருதுவை டிரம் பிரிவு ஷோயப்பிடமும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே எழுந்தீர்கள். சரக்கு தாமதமானது உண்மை. அதற்காகத் தங்களிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு, முழுதாக அச்சான லேபிள் ஒன்றையே பதிலாக அனுப்பினீர்கள். எங்களுக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது அம்மா!

அடுத்த மாதம் இன்னொரு புது மென்பொருள் வரப்போகிறது. ஆங்கிலம் மட்டும் போதாதா என்ற பேச்சும் மறுபடி தொடங்கிவிட்டது. கவலை வேண்டாம். தமிழும் உருதுவும் முழுமையாக அச்சாகி, நாங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்கும்வரை ஏற்புச் சான்றில் எங்களில் ஒருவரும் கையெழுத்திட மாட்டோம். இது உபசாரப் பேச்சன்று, உறுதி. தாங்கள் நோயின்றி, பேரப்பிள்ளைகளின் பேரிரைச்சலோடு, சூடான தேநீரைச் சூடாகவே குடித்து நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். சென்ற ஆண்டு, டிரம் பிரிவில் கேன் சரிந்து எல்லம்மாவின் கண்களில் அமிலம் தெறித்தது. எரிச்சலில் அவர் தேய்க்கப் போனார். கேனில் இருந்த உருது வரியைப் படித்த ஷோயப், "தேய்க்காதக்கா! தண்ணில காட்டு, கண்ணைத் தொறந்தே வை!" என்று கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துச் சென்றார். உடனே கழுவியதால்தான் பார்வை தப்பியது என்று வேலூர் மருத்துவர் சொன்னார். அந்த எல்லம்மா, நான்தான். இந்த மடலை நானே வாசிக்க வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணாடி போடாமல்தான் வாசிக்கிறேன், மேடம்.

இங்ஙனம்,
கணினிப் பிரிவு, ரசாயனக் கிடங்கு, டிரம் பிரிவுத் தோழர்கள்
ஆம்பூர்