ஏழாவது பாட்டில் கிட்டார் யார்?

—இந்தப் போட்டோவ அட்டையில போட வேணாம் தம்பி. தலையில என்ன அது, காக்கா கூடா?

—நீங்கதானே அண்ணி சோப்பக் கரைச்சு முடிய நிறுத்தி வச்சீங்க? அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

—இப்ப நிறுத்தி வைக்க ரெண்டு பேர் தலையிலயும் என்ன இருக்கு... சரி, எத்தன பாட்டுக்கு எழுதியாச்சு?

—ஆறு. இன்னும் பதினாலு பாக்கி.

—இருபத்தெட்டு வருஷப் பாட்டையும் ஒரே இசைத்தட்டுல அடைச்சுத் தரச் சொல்லி யாரு அழுதா? பதினோரு ஆல்பம் போட்டிருக்கோம். வேணுங்கறவன் அதுல கேட்டுக்கட்டும்.

—கம்பெனிக்காரம்மா நாலு மணிக்கு அட்டைய அச்சுக்கு அனுப்புறாங்க. பாட்டுப் பேரு மட்டும் போதாதாம். ஒவ்வொரு பாட்டுலயும் யாரு என்ன வாசிச்சாங்கன்னு போடணுமாம்.

—அதுக்கென்ன? கிட்டார் உங்கண்ணன், டிரம்ஸ் நீ, கத்துனது நான். இருபது தடவ அதையே எழுது.

—ஏழாவதுக்குமா அண்ணி?

—அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வையேன். புழுங்குது.

—பேச்ச மாத்தாதீங்க. ‘கதவை உடை’யில கிட்டார் வாசிச்சது நான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

—மெதுவா. அடுத்த ரூம்ல ஆள் இருக்கு.

—அன்னிக்கு அண்ணன் வாசிச்சதக் காது குடுத்துக் கேக்க முடியல. கடைசியில கம்பி வேற அறுந்து, கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அவருக்குத் தெரியாம அவர் வாசிச்சத அழிச்சுட்டு அந்த இடத்துல நான் வாசிச்சேன். டேப்ப ஓட்டுனதே நீங்க.

—நான்தான். இல்லேங்கலியே.

—நம்ம ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாடியும் என்ன அச்சடிச்சோம்? ‘ஒரே தடவை வாசித்தோம். எதையும் திருத்தவில்லை.’ தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும், அதுதான் பங்க் மியூசிக்குன்னு போற ஊரெல்லாம் முழங்கல?

—முழங்குனது உங்கண்ணன். நீயும் நானும் ரெண்டு பக்கமும் நின்னு தலையாட்டுனோம்.

—அதான் இப்பவாவது...

—இரு இரு, போன். அவர்தான்... ஹலோ? சாப்பிட்டீங்களா?... பந்த அமுக்குனீங்களா?... எத்தன தடவ?... அம்பதா? அளக்காதீங்க... ம்... ம்... சரி, சொல்றேன்... ஆமா, பக்கத்துலதான் இருக்கான். வைக்கிறேன்.

—என்னவாம்?

—‘கதவை உடை’யத்தான் முதல் பாட்டாப் போடணுமாம். கைக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருதில்ல, அதுகிட்டப் போட்டுக் காட்டுனாராம். ‘இந்த விரல்தாம்மா இத வாசிச்சுது’ன்னு.

—அந்தப் பாட்டையேவா?

—அஞ்சு மாசமா அந்தக் கை ஒரு டம்ளரத் தூக்கல தம்பி. வாதம் வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு. மிச்சம் அந்த ஒரு பாட்டுதான்.

—எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா? கூடப் பொறந்தவரு. ஆனா போற ஊர்ல எல்லாம் எவனாவது ஓடி வந்து, ‘அண்ணே, என்னா கிட்டாரு!’ன்னு அவர் கையப் பிடிச்சுக் குலுக்குவான். நான் பின்னாடி உக்காந்து டிரம்ஸ மூட்டை கட்டிக்கிட்டிருப்பேன். என் ஆயுசுல உருப்படியாப் பண்ணது அந்த ரெண்டரை நிமிஷம். அதுவும் இன்னொருத்தர் பேர்ல.

—வலிக்கத்தான் செய்யும்.

—சின்ன எழுத்துல போட்டுரலாம் அண்ணி. தேடுனாத்தான் தெரியுற மாதிரி.

—கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. கட்டில்ல கெடக்குற மனுஷனுக்கு வேற என்ன ஜோலி?

—அப்ப சாகுற வரைக்கும் நான் வாய மூடிக்கிட்டே இருக்கணும்.

—அப்படிச் சொன்னேனா?

—பின்ன?

—பொத்திப் பொத்தி வச்சு எனக்கும் அலுத்துப் போச்சு... பேனாவ எடு. உண்மையவே எழுதிரு.

—நெசமாவா? கோவத்துல சொல்லலியே?

—கோவப்பட எனக்கு எங்க தெம்பு? எழுது. ஏழு, ‘கதவை உடை’. குரல், நான்.

—குரல்... அண்ணி. ம்.

—கிட்டார், நீ.

—கிட்டார்... நான். எழுதிட்டேன்... அண்ணன்கிட்ட நானே போய் உக்காந்து சொல்லிக்கிறேன். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க. திட்டுனா என்னையே திட்டட்டும்... சரி, டிரம்ஸ், நான். அடுத்து எட்டாவது—

—இரு. டிரம்ஸுக்கு நேரா உன் பேர எழுதாத.

—ஏன்? ரெண்டுமே நான்தானே அன்னிக்கு?

—அன்னிக்கு உனக்கு நூத்திமூணு காய்ச்சல். ஞாபகம் இருக்கா? கிட்டார முடிச்ச உடனே போர்வையச் சுத்தி வண்டியில ஏத்தி விட்டேன்.

—ஆமா. அதுக்கென்ன?

—நீ போனதும் டேப்பத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். கிட்டார் நெருப்பா இருந்துச்சு. டிரம்ஸ் மட்டும் காய்ச்சல்ல கெடந்துச்சு.

—அண்ணி...

—உன் டிரம்ஸ அழிச்சுட்டேன். ஹெட்போன்ல உன் கிட்டாரக் கேட்டுக்கிட்டே நானே உக்காந்து அடிச்சேன். நீ சொன்ன ரெண்டரை நிமிஷம் எனக்கும் அதேதான். இருபத்தெட்டு வருஷமா அதக் கேட்டுப் பழகி மேடைக்கு மேடை நீ அடிக்கிறது என் அடி தம்பி... இப்பச் சொல்லு, அச்சுல யார் யார் பேரப் போடலாம்?