இடது கதவில் நாலு எழுத்து

மேபல்: ஊதாதீங்க. எச்சி படுது.

கபிரியேல்: பெயிண்ட் காய வேணாமா?

மேபல்: தானா காயும். போத்தல்லயே இருபது நிமிஷம்னு போட்டிருக்கு.

கபிரியேல்: மூணு மணிக்குச் சுரூபப் பவனிக்கு ஃபாதர் வந்துருவாரு. இவ இருபது நிமிஷம்ங்குறா... பல்லுக் குத்துற குச்சி இன்னொன்னு குடு.

மேபல்: மூடியிலயே பிரஷ் இருக்கே.

கபிரியேல்: அது தடிப்பு. கீறலுக்கு வெளிய போயிரும். யூடியூப்ல அந்தாளு குச்சியால தான் தொட்டுத் தொட்டு வைக்கிறான்.

மேபல்: அந்தாளு கல்லு தெறிச்ச எடத்துக்கு வச்சான். நீங்க எழுத்துக்கு வைக்கிறீங்க.

கபிரியேல்: மெதுவாப் பேசு! மதிலுக்கு அந்தப் பக்கம் அனற் அக்கா நிக்குது.

மேபல்: அது நேத்தே பாத்திருச்சு. பெட்ஷீட்டத் தூக்கி.

கபிரியேல்: கார் மேல போர்த்தி வச்சதையா?

மேபல்: பூப்போட்ட பெட்ஷீட்டப் போர்த்திகிட்டு ஒரு கார் நின்னா, யாரா இருந்தாலும் தூக்கித்தான் பாப்பாங்க.

கபிரியேல்: சிரிக்காத மேபல். எனக்கு மானம் போகுது. காலையில பூசைக்குக் குடையப் புடிச்சுகிட்டு நடந்து போறேன், எதிர்ல வர்றவன் எல்லாம் "கார் எங்க, கார் எங்க"ங்குறான்.

மேபல்: என்ன சொன்னீங்க?

கபிரியேல்: பெட்டரி போயிருச்சுன்னு.

மேபல்: பெட்டரி.

கபிரியேல்: என்ன?

மேபல்: ஒன்னுமில்ல. உங்களுக்குப் பதில் ஒடனே வந்துருது.

கபிரியேல்: பின்ன, வெள்ளிக்கிழம காலையில எந்திரிச்சுப் பாத்தா என் கதவுல எவனோ இப்படிக் கீறி வச்சிருந்தான்னு சொல்லவா? கதவ ஆட்டாத... இந்தா, கடைசி எழுத்து. இங்க பாரு, புள்ளி கூடக் குத்தி வச்சிருக்கான். கோவத்துல கீறுறவன் புள்ளி வைப்பானா?

மேபல்: சிலவங்க வைப்பாங்க.

கபிரியேல்: முடிஞ்சுது. தள்ளு, எட்ட நின்னு பாப்போம்.

மேபல்: இன்னும் எட்ட வாங்க. கேட் பக்கத்துல.

கபிரியேல்: இங்கயா?

மேபல்: வாசிங்க.

கபிரியேல்: கடவுளே...

மேபல்: வாசிங்க.

கபிரியேல்: ...பொய்யன்.

மேபல்: முன்ன கிட்டக்க வந்தா தான் தெரிஞ்சிச்சு. இப்ப மெயின் ரோட்டுல நின்னே வாசிக்கலாம்.

கபிரியேல்: நம்பர் பாத்துத் தானே வாங்கினேன்! கதவுக்கு உள்ள தகட்டுல இருக்குற அதே கலர் நம்பர்...

மேபல்: அது கார் புதுசா வந்தப்ப இருந்த கலரு. பதினேழு வருஷம் வெயில்ல நின்னு நம்ம கார் செங்கல் மாதிரி வெளுத்துருச்சு. அதுல போயி புதுச் செவப்ப வச்சிருக்கீங்க. என் வகுப்புப் புள்ளைங்க, நான் எழுதிக் குடுத்த எழுத்து மேலேயே பென்சில ஓட்டுமே, அதே மாதிரி. அழகா வந்திருக்கு.

கபிரியேல்: முதலாம் ஆண்டுப் பாடத்த இங்க நடத்தாத! சேண்ட் பேப்பர எடு. சவர்க்காரத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சா போயிரும்.

மேபல்: காயாம தேய்ச்சா கதவு பூரா இழுவிக்கும்.

கபிரியேல்: அப்ப பூமால? கதவு மறையுற மாதிரி ஒன்னுக்கு ரெண்டாத் தொங்கவிட்டா?

மேபல்: காத்துல மால ஒதுங்கும். உள்ள புது அந்தோனியார் சுரூபம். வெளிய பொய்யன். பின்னாடி ஊரே பாடிகிட்டு வரும்.

கபிரியேல்: எல்லாம் அந்த ஆட்டோக்கார சுதேஷ் வேல. திரீவீல ரிவர்ஸ் எடுத்துக் கெபி மாடத்துல இருந்த பழைய அந்தோனியார் சுரூபத்த ஒடச்சான். பாத்தத ஃபாதர்கிட்ட சொன்னேன். இனிமே கோயில் வாசல்ல ஹயருக்கு நிக்க வேணாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு. அந்தக் கோவத்த என் கார்ல காட்டிட்டான்.

மேபல்: நீங்க பாத்தீங்களா?

கபிரியேல்: மூணு வாரமா இதச் சொல்லிகிட்டுத் தானே இருக்கேன்.

மேபல்: நவநாள் பூச முடிஞ்சு, ராத்திரி மழையில, கரண்டும் இல்லாம...

கபிரியேல்: அவன் திரீவீலுக்குப் பின்னாடி கொட்ட எழுத்துல என்னமோ சிங்களத்துல எழுதி வச்சிருக்கானே. அது தெரிஞ்சிச்சு. போதுமா?

மேபல்: வியாழக்கிழம நிஷாந்தி ஸ்கூலுக்கு வந்திச்சு.

கபிரியேல்: எந்த நிஷாந்தி?

மேபல்: சுதேஷ் பொண்டாட்டி. அவங்க மகள் என் வகுப்பு. அந்தப் புள்ளையோட கொப்பியெல்லாம் நிஷாந்தி தான் பாக்கும். "டீச்சர், அவரு இப்ப வத்தேகம பஸ் ஸ்டாண்ட்ல போய் நிக்கிறாரு. அங்க உள்ளவங்க வரிசையில விடமாட்டேங்குறாங்க"ன்னிச்சு.

கபிரியேல்: அதுக்கு நான் என்ன...

மேபல்: "சார் பொய் சொல்ற ஆள் இல்ல. மழையில ஆள் மாறியிருக்கும், இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க"ன்னிச்சு. நான் கையில இருந்த சோக்குக் கட்டிய ஒடச்சு ஒடச்சுப் போட்டுகிட்டு நின்னேன். அது மூஞ்சியப் பாக்க முடியல.

கபிரியேல்: நேரமாகுது. போத்தல மூடுறேன்.

மேபல்: அந்தப் போத்தலக் காட்டுங்க.

கபிரியேல்: எதுக்கு?

மேபல்: நேத்து கண்டிக்குப் போய் வாங்கினதுன்னீங்க. அடியில கொஞ்சம் தான் கெடக்கு.

கபிரியேல்: நாலு எழுத்துக்கு வச்சேன்ல...

மேபல்: நாலு எழுத்துக்கு ஒரு போத்தல் போகாது. பின் பம்பர்ல, கீழ்ப் பக்கமா, உள்ளங்கை அளவுக்கு இதே புதுச் செவப்பு இருக்கு.

கபிரியேல்: அது... கல்லு தெறிச்சது.

மேபல்: கல்லு.

கபிரியேல்: கட்டுகஸ்தோட்டப் பக்கம் ரோட்டு வேல நடக்குதுல்ல...

மேபல்: நவநாளுக்கு மறுநா காலையில அந்த எடத்துல வெள்ளையா சாந்து ஒட்டியிருந்திச்சு. கூட கொஞ்சம் மண்ணிறம். அந்தோனியார் அங்கியோட மண்ணிறம். ஈரத் துணியால தொடச்சது நான்.

கபிரியேல்: ...தெரிஞ்சும் ஏன் கேக்கல?

மேபல்: நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு நாள், ரெண்டு நாள்... சோறு போடும்போது கூட வாயப் பாத்துகிட்டே இருந்தேன்.

கபிரியேல்: வேணும்னு செய்யல மேபல். ஃபாதர் குடையோட வந்து "யாரு இடிச்சது"ன்னு கேட்டாரு. அத்தன பேரு நின்னாங்க. நான் செபக் குழுத் தலைவர். அந்த நேரம் பாத்து அவன் திரீவீல் கேட்டத் தாண்டுது... பேரு வாயில வந்துருச்சு. ஒரு செக்கன் தான். அதுக்கப்புறம் எப்படித் திருப்பி எடுக்குறது?

மேபல்: போன் அடிக்குது.

கபிரியேல்: ஃபாதர்.

மேபல்: எடுங்க. சொல்லிருங்க.

கபிரியேல்: ஹலோ, ஃபாதர்... ஆமாங்க ஃபாதர்... கார் ரெடி தான். ஒரு சின்ன... இல்ல, கதவுல யாரோ கீறிட்டாங்க... ஆமா, பெரிய எழுத்துல... யாருன்னா, வேற யாரு ஃபாதர்? சுதேஷாத் தான் இருக்கணும்... பொலிசுக்கா? ...சரிங்க ஃபாதர். நீங்க சொன்னா சரி. போட்டோ எடுத்து வைக்கிறேன்.

மேபல்: மறுபடியும்.

கபிரியேல்: இது வேற! சுரூபம் என் தப்பு, ஒத்துக்குறேன். கதவு அவன் தப்பு. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பாத.

மேபல்: அந்தத் தம்பி சிங்கள மீடியத்துல படிச்சதுங்க. தமிழ் பேசும், அவ்வளவு தான். எழுத வராது. தன் பேரக் கூட.

கபிரியேல்: அப்ப... நிஷாந்தி?

மேபல்: அது இன்னும் உங்கள சார்ங்குது. பூட்டின கேட்ட அது எப்படித் தொறக்கும்? சாவி ரெண்டு தான். ஒன்னு உங்க பொக்கெட்டுல.

கபிரியேல்: பின்ன யாரு... இவ்வளவு உருண்டையா, கோணாம, ஒரு புள்ளி விடாம...

மேபல்: பத்தொம்பது வருஷமா அதத் தானேங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன். புள்ளி விடக் கூடாதுன்னு.