படிக்கட்டில் கம்பளிச் செருப்பு

மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரை பூட்ஸைத் தாங்காது ஐயா. அதனால்தான் எங்கள் மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் காலணிக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். மந்திரி வந்தாலும் அப்படித்தான். சுற்றிப் பார்த்ததும், பளிங்குப் படிக்கட்டின் மேல்முனையில் இருக்கும் பெட்டியில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். கம்பளியோடு இறங்கினால் வழுக்கும். இதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லிச் சொல்லியே என் இளமை போயிற்று.

பழைய ஆட்சி ஒரு பிரபு குடும்பத்திடமிருந்து பறித்த மாளிகை இது. அதை அந்த வீட்டுப் பேரன் ஹூகோ வழக்காடித் திரும்பப் பெற்றார். நல்ல மனிதர்தான். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நடனக் கூடத்தில் சேற்று பூட்ஸோடு நடப்பார். பின்னாலேயே துணியோடு மண்டியிட்டுப் போவேன். எரிச்சலில் எனக்குச் சாப்பாடே இறங்காது.

"செருப்பு மாட்டிக்குங்க சார்," என்றேன் ஒருநாள்.

"மிலாடாம்மா, எங்க தாத்தா இந்தக் கூடத்துல குதிரையே ஓட்டினாராம். என் வீட்டுல நான் எதுக்கு டூரிஸ்ட் மாதிரி சறுக்கிக்கிட்டுப் போகணும்?"

சுற்றிப் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நிச்சயமான பெண்ணின் வீட்டார் வந்தார்கள். நான் செருப்பை நீட்டியதும் அவர்கள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. "குடுங்க, இல்லேன்னா இந்தம்மா நம்மள உள்ளயே விடமாட்டாங்க," என்று அவரும் மாட்டிக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பளிங்குக்கு மெழுகு போடுவது வழக்கமில்லை. அன்று காலை போட்டேன். பெட்டியையும் கீழே இறக்கிவைத்தேன். விருந்தாளிகளைச் சமையலறைப் படி வழியாகத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஹூகோ மட்டும் மேலே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்து படியடியில் நின்று கூப்பிட்டேன்.

"சார், காபி ஆறுது. பெட்டி கீழ இருக்கு, அப்படியே வாங்க."

ஓடி வந்தார்.

விழுந்த பிறகும் பேச்சு இருந்தது. என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பளிங்கில் ரத்தம் ஊறிவிட்டால் கறை போகாது. அதனால் முதலில் துடைத்தேன். அவர் அடங்கிய பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

ஆமாம் ஐயா, வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு உங்கள் ஆட்கள் சோதனைக்கு வருவார்களாம். தாராளமாக வரட்டும். செருப்பெல்லாம் வாசலிலேயே இருக்கிறது. என் வீட்டில் யாரும் பூட்ஸோடு நடக்கக் கூடாது.