வருகிற சத்தம்

நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. இது என் நண்பனின் தாய்மாமாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மாலை ஆறு நாற்பது. மூடிக் கிடக்கும் ஆலைச் சுவரோரம் ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. அதன் கடைசியில் மாமாவின் மாடி வீடு. தினமும் அந்த நேரத்துக்கு அத்தை வேலை முடிந்து அந்தச் சாலையில் நடந்து வருவார். ஒருநாள் காலையில் போனவரை லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாமாவிடம் ஒரு பையைக் கொடுத்தார்கள்... உள்ளே அவருடைய செருப்பு.

மாமாவுக்கு வேலை, சினிமாவில் வருகிறவர்களுக்குக் காலடிச் சத்தம் உண்டாக்கிக் கொடுப்பது. திரையில் யார் நடந்தாலும் சரி, செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு ஜல்லியிலும் பலகையிலும் தட்டி அந்த நடையை அப்படியே கொண்டுவந்துவிடுவார். கில்லாடி. அத்தையை விட்டால் பேச்சுத்துணைக்குத்தான் ஆள் கிடையாது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த மறுநாள், அத்தையின் செருப்பைக் கையில் மாட்டினார். மாடிப்படியில் தட்டினார். பதினொரு படி... நடுவில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம்... இடது கால் லேசாக இழுக்கும். கண்ணை மூடினால் அச்சு அசல் அவள்தான். குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாளும் தட்டினார். பிறகு தினமும்.

வேலையிலும் அந்தக் கை அடங்கவில்லை.

"அண்ணே, ராணியும் இப்படித்தான் நடக்குறா, கொள்ளைக்காரியும் இப்படித்தான் நடக்குறா. யாருண்ணே இந்தப் பொம்பள?" என்று ஒலிப்பதிவாளர் கேலி செய்தார். மாமா மறுபடியும் அதையேதான் தட்டினார். கொஞ்ச நாளில் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. செருப்பு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஆறு நாற்பது... சரக்... சரக்... படியில் கேட்டது. நடுவில் நின்றது. மூச்சு வாங்கியது. பிறகு உள்ளே வந்தது. ஆஸ்பத்திரி சோப்பு வாடை. மாமா பயப்படவில்லை, பாவம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். இருபது நாள் கழித்துத் தன் அக்காவுக்கு, அதாவது என் நண்பனின் அம்மாவுக்கு, போன் செய்தார்.

"அக்கா, தினமும் வராக்கா. ஆனா போக மாட்டேங்குறா. நேத்து வந்தவளும் இருக்கா, முந்தாநாள் வந்தவளும் இருக்கா."

"என்னடா உளறுற?"

"நான் தட்டுனதெல்லாம் வர்ற சத்தம்தான். போற சத்தத்தையும் தட்டி அனுப்பி வெச்சுரலாம்னு பாக்குறேன்... வரமாட்டேங்குது. எனக்கு ராத்திரி வேலை. பதினாறு வருஷமும் அவ கிளம்புறப்ப தூங்கிட்டுத்தான் இருந்திருக்கேன். ஒருநாள்கூட எந்திரிச்சு வழியனுப்பலக்கா."

அந்த அழுகையைக் கேட்ட அக்கா, தம்பியைக் கையோடு கூட்டி வந்துவிடவேண்டும் என்று அப்போதே கிளம்பினாள்.

கதவு திறந்திருந்தது. சாமான் எதுவும் இல்லாத பெரிய அறை. நெரிசலான பஸ்ஸில் நிற்பவர் மாதிரி, தோளைக் குறுக்கிக்கொண்டு, மூலைச் சுவரோடு ஒட்டி நின்றார் மாமா.

"வாடா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"எப்படிக்கா வர்றது? வழி விட மாட்டேங்குறாளே."

அக்கா அவரை இழுத்து வர உள்ளே காலை எடுத்து வைத்தாள். கண்ணுக்குத் தெரிந்தது வெறும் தரை...

கால் வைக்கத்தான் இடமில்லை.